வேலியில் சாத்தி வைத்த சைக்கிள்

ரயில்வே பார்சல் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பது ஆபத்தான விளையாட்டு. தொடங்கினால் நிறுத்தமாட்டான், அதிலும் தான் கெட்டித்தனமாகச் செய்தவற்றைத்தான் சொல்வான். உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். லேபலை எங்கே கட்டுவது, ரசீதை எப்படி எழுதுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாததைப் போர்ட்டர்மார் சொல்லித் தருவார்கள், காது கொடுத்தால். நான் ஒரேயொரு சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதில் நான் விட்ட பிழைக்கு யாரும் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டதில்லை. அதனால்தான் அது இன்னமும் என்னோடு இருக்கிறது.

முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. வலிகாமத்தில் ஒரு சிறிய ஸ்டேஷனில் பார்சல் கிளாக்கராக இருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஆங்கிலத்தில் அழகாக எழுதுவேன், தலைக்கனமும் அதற்கேற்ற அளவில் இருந்தது. அந்தக் கார்த்திகை மாதக் கடைசியில் நடராசா என்ற மருந்துச்சாலை டிஸ்பென்சர் கந்தோருக்கு வந்து, ஒரு சைக்கிளைத் திருகோணமலைப் பாதைக்கு அனுப்ப எத்தனை நாள் செல்லும் என்று விசாரித்தார். ஊர் அளவெட்டிப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அமைதியான ஆள்.

அவருக்கு மாற்றலாகியிருந்தது. திருகோணமலைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, ஒன்பது மைல் உள்ளே போகவேண்டிய ஒரு கிராமத்து மருந்துச்சாலை. முன்பு இருந்தவர் காய்ச்சல் பிடித்து ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாதமாக மருந்துச்சாலை பூட்டிக் கிடக்கிறது, மழை தொடங்கி மலேரியா பரவுகிறது. திங்கட்கிழமை கடமை ஏற்கவேண்டும், சுற்றிலும் ஆறு கிராமங்களுக்குப் போய்வரச் சொந்தச் சைக்கிள் கொண்டுவரவேண்டும் என்று உத்தரவு. சனிக்கிழமை ரயில் ஏறினால் ஞாயிறு மத்தியானம் அங்கே நிற்பார். இவ்வளவையும் அவரே என்னிடம் சொன்னார். பிறகு எனக்கு ஒன்றும் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்ல வழியில்லை.

சொல்லாத ஒன்றும் இருந்தது, அதைப் போர்ட்டர் செல்லையா சொன்னார். நடராசாவின் தமையன் வன்னிக்கு றோட்டு வேலைக்குப் போய், காய்ச்சலோடு வீட்டுக்கு வந்து நாலாம் நாள் செத்துப்போனவர். தகப்பனும் இல்லை. தாய்க்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. அவனையும் காய்ச்சல் ஊருக்கு அனுப்ப அந்த அம்மா ஒரு கிழமையாகச் சம்மதிக்கவில்லை. கடைசியில், நாள் நேரம் பார்த்துப் போவதென்றால் போகட்டும் என்று இறங்கி வந்தார். சாத்திரியார் பார்த்தார். சனிக்கிழமை ஆகவே ஆகாது. வியாழன் காலை ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில்தான் நல்ல நேரம். அதை விட்டால் மார்கழி பிறந்துவிடும், மார்கழியில் இவர்கள் ஒன்றும் தொடங்கமாட்டார்கள்.

இப்படி நேரமும் பயணமும் ஒத்துவராத இடத்தில் சைவக்காரர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போகிறவர் தன் பொருள் ஒன்றை நல்ல நேரத்தில் வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார். அதோடு பயணம் தொடங்கியதாகக் கொள்வார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். ஒரே கட்டுப்பாடு, அப்படிப் போன பொருள் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. நடராசா வீட்டில் பரஸ்தானமாக அனுப்பியது அந்தச் சைக்கிளை.

வியாழன் காலை எட்டு மணிக்கு நான் கந்தோரைத் திறக்க வந்தபோது சைக்கிள் வாசலில் நின்றது. ஹேண்டிலில் விபூதியும் ஒரு செவ்வரத்தம் பூவும். ஃபிரேமைச் சுற்றிப் பழைய சாக்குத்துண்டு ஒன்றைப் பேருக்குக் கட்டியிருந்தார்கள். இரண்டு சந்திகளில் ரயில் மாற்றவேண்டிய சைக்கிளை வைக்கோற் புரி சுற்றிப் பொதியாமல் ஏற்கக்கூடாது. அது சட்டம், நல்ல சட்டமும்கூட. வண்டிக்காரன் ஒருவன் அளவெட்டிப் பக்கம் போக நின்றான். நான் ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதினேன்: பொதியல் போதாது, திருத்திக் கொண்டுவரவும்.

செல்லையா ஓடி வந்தார். "ஐயா, உதைத் திருப்பாதையுங்கோ. உது பரஸ்தானம். விடியக் காலமை தாயும் மகனுமா வந்து, கற்பூரம் கொளுத்தி என்ரை கையிலை தந்திட்டுப் போனவை."

"பரஸ்தானத்துக்கு ரூல் புத்தகத்திலை பக்கம் இருக்கோ, செல்லையா?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தும் இருக்கிறேன். சைக்கிள் வண்டியில் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் காலை நடராசா வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நான் கையேட்டை எடுத்து மேசையில் தயாராக வைத்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"நீர் செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, கிளாக்கர். அம்மா நேற்று மத்தியானத்திலையிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. நான் போகக்கூடாதாம்."

"நீங்கள் உதை நம்பிறியளோ?"

"நான் நம்பிறனோ இல்லையோ, அவவை உப்பிடி விட்டிட்டு எப்பிடிப் போறது? போகாமல் நிண்டால் அங்கத்தைச் சனம் என்ன செய்யிறது? அதைச் சொல்லும்."

நான் மேசையிலிருந்த கையேட்டை எடுத்து உள்ளே வைத்தேன். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். வெளியே வந்து என்னைத்தான் பார்த்தார்.

"திருப்பி அனுப்பினது ரூல். சரி. வைக்கோல் எங்கை கிடக்குது?"

"குட்ஸ் ஷெட்டிலை, சேர்."

"கயிறு?"

"அங்கைதான்."

"நேற்று உமக்குக் கை ரெண்டும் இருந்ததோ?"

தம்பிமாரே, என் சேவைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சி அந்த மூன்று கேள்விகள்தான். பத்து நிமிட வேலை. நானே உட்கார்ந்து புரியைச் சுற்றியிருந்தால் சட்டமும் நின்றிருக்கும், அந்த அம்மாவும் சாப்பிட்டிருப்பார். எனக்கு அது தோன்றவேயில்லை. பிழையைக் கண்டுபிடிப்பதோடு என் உத்தியோகம் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் நடராசாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிள் வாசற் படலைக்கு வெளியே, கிடுகு வேலியில் சாத்தியபடி நனைந்துகொண்டு நின்றது. விபூதி கரைந்து போயிருந்தது. அதைத் தொட அந்த அம்மா யாரையும் விடவில்லையாம்.

வழியெல்லாம் நான் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அது பரஸ்தானம் என்று எனக்குத் தெரியாது என்பது அந்தப் பொய். அம்மா உள்விறாந்தையில் ஒரு பாயில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உது என்னெண்டு செல்லையா உமக்குச் சொல்லேல்லையோ?"

அந்தக் கேள்விக்கு முன்னால் பொய் எழும்பவில்லை. "சொன்னவர், அம்மா."

"சொல்லியுமோ திருப்பினீர்?"

"ஓம். என்ரை பிழை. பெருமைக்குச் செய்தனான்."

நடராசா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மா எழுந்து வந்து, படலைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சைக்கிளைப் பார்த்தார்.

"வளவுக்குள்ளை வரேல்லை. நான் வர விடேல்லை. அந்தமட்டிலை பயணம் குழம்பேல்லை. திருப்பினவர் நீர், நீரே கொண்டுபோய்ச் சேத்துவிடும் தம்பி. வண்டியிலை போட்டு விடுறதில்லை, கூடப் போகவேணும். மருந்துச்சாலை வாசல் மட்டுக்கும் போகவேணும். இவன் போய்க் கை வைக்குமட்டும் முன் சில்லு எங்கடை பக்கம் பாத்துத் திரும்பக்கூடாது. சேந்திட்டுது எண்டு தந்தி வரட்டும். இவன் பிறகு வெளிக்கிடட்டும்."

நான் "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நடராசாவின் பயணம் இரண்டு நாள் தள்ளிப் போனது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தாயை மீற அவரால் முடியவில்லை, அந்தத் தாயிடம் இதற்கு மேல் கேட்க என்னாலும் முடியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் நடராசாவின் மேலதிகாரிக்குத் தந்தியடித்து இரண்டு நாள் தவணை வாங்கினார். எனக்கு லீவு தரும்போது, "ரூல் புத்தகத்தையும் கொண்டு போம். வழியிலை வாசிக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை, நடராசா போகவேண்டிய அதே ரயிலில் நான் போனேன். இந்த முறை புரியை நானே சுற்றினேன். ரயில் கார்டின் பெட்டியில் சைக்கிளின் பக்கத்திலேயே இருந்தேன். மாகோச் சந்தியில் பெட்டி மாற்றும்போது, எங்கள் லேபல்கள் எல்லாம் எங்கே போய் விழுகின்றன என்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். தளவாடங்கள், முட்டைக் கூடைகள், ஒரு தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் அடியில் முன்சில்லைத் தாங்கும் கவர் முறிந்த யாரோ ஒருவரின் சைக்கிள். அவசரத்தில் அடுக்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, ரயில் நிற்பதே சில நிமிடங்கள். பொதியல் சட்டம் ஏன் வந்தது என்று அங்கேதான் விளங்கியது. கல்லோயாச் சந்தியில் மறுபடியும் ஒரு மாற்றம். இரண்டு இடத்திலும் அதைத் தூக்கி இறக்கியவன் நான்தான். ஒவ்வொரு முறையும் முன்சில்லு வடக்கே பார்க்காதபடி பிடித்தேன். அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கி, புரியைக் கழற்றி, காற்றடித்து, சைக்கிளில் ஏறினேன். ஈர மண், பள்ளங்களில் தண்ணீர். பாதி வழி ஓடினேன், பாதி வழி தள்ளினேன். இரண்டு மணி தாண்டியிருக்கும், மருந்துச்சாலை தெரிந்தது. கதவில் பூட்டு. முன்னால் இருந்த புளியமரத்தின் கீழ் இருபது முப்பது பேர். சிலர் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள், சிலர் ஓலைப்பாயில் படுத்திருந்தார்கள்.

சைக்கிளைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

படுத்திருந்தவர்களையும் பக்கத்தில் நின்றவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்குத்தர் சைக்கிளோடு வருவார் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதற்காகவே விடியற்காலையிலிருந்து காத்திருந்தார்கள். நான் டாக்குத்தர் இல்லை, அவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று சொன்னேன். ஒவ்வொருவராகத் திரும்பவும் உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் எனக்கு வந்த வெட்கத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒருவர் மட்டும் உட்காரவில்லை. தோளில் ஒரு பெண்பிள்ளை, நாலு வயதிருக்கும். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, கண் மேலே செருகியிருந்தது.

"காலையில ரெண்டு தரம் வலிப்பு வந்து போட்டுது, ஐயா. செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்காது" என்றார்.

திருகோணமலை ஆசுபத்திரிக்குப் போகும் ரயில் அந்த ஸ்டேஷனுக்கு நாலு மணிக்கு வரும். மாட்டு வண்டி கட்டினால் போய்ச் சேர ஐந்தாகும். அங்கே இருந்த ஒரே சைக்கிள் என் கையில் இருந்தது. அது நிற்பதோ அந்த அம்மா சொன்ன வாசலில். நான் போகவேண்டியதோ வந்த வழியே, திரும்பி.

உடனே தீர்மானித்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. ஒரு நிமிடம், அல்லது அதற்கும் மேலே, நான் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றேன். வேலியில் நனைந்த சைக்கிளும், தண்ணீர் குடிக்காமல் இருந்த அந்த முகமும் என் முன்னால் வந்தன. முதல் தடவை பெருமைக்காக ஒரு தாயின் மனத்தை மிதித்தேன். இப்போது தெரிந்துகொண்டே மிதிக்கப் போகிறேனா? அந்தப் பிள்ளையின் மூச்சு இரைந்து கேட்டது. சைக்கிளைத் திருப்பினேன்.

தகப்பன் பின்னால் கரியரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சேற்றில் புதைந்த இடங்களில் இறங்கி இருவருமாகத் தள்ளினோம். ஒன்பது மைலிலும் அவர் பேசியது ஒரே தடவை. "நீங்க வந்தது நல்ல நேரம், ஐயா" என்றார். நான் வந்திருக்கவே கூடாது. அந்த ரயிலில் வந்திறங்கியிருக்க வேண்டியவர், மருந்து தெரிந்தவர், என்னால் ஊரில் நின்றார்.

ரயில் புறப்படும் நேரத்துக்குச் சரியாகச் சேர்ந்தோம். இருவரையும் கார்டிடம் ஒப்படைத்தேன், ஆசுபத்திரிக்கு ஒரு வண்டி பிடித்துக் கொடுக்கும்படி சொன்னேன். பச்சைக்கொடி காட்டினார்கள். ரயில் போனபின் நடராசாவுக்குத் தந்தி கொடுத்தேன், சைக்கிள் சேர்ந்தது என்று. பொய்யில்லை, சேர்ந்துதான் இருந்தது. பிறகு அதை மறுபடி ஒன்பது மைல் கொண்டுபோய், மருந்துச்சாலை விறாந்தையில் விட்டு, விதானையாரிடம் சொல்லிவிட்டு மறுநாள் புறப்பட்டேன்.

புதன்கிழமை காலை, நடராசா போய்ச் சேர்ந்த செய்தியோடு அம்மாவிடம் போனேன். அவர் குளித்து, விபூதி பூசியிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். முகம் தெளிந்திருந்தது.

"முன் சில்லு திரும்பேல்லையே, தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. அவரும் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் ஒருமுறை உண்மை சொன்ன இடத்தில் மறுமுறை பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பிள்ளை?" என்றார்.

"கார்டிட்டை ஒப்படைச்சனான்."

"பிறகு?"

"தெரியாது, அம்மா."

"கேக்காமல் எப்பிடித் தம்பி வந்தனீர்?"

சைக்கிளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஒப்படைத்தோம், கையெழுத்து வாங்கினோம், நம் பொறுப்பு முடிந்தது என்று நடப்பது நம் தொழிலின் பழக்கம், தம்பிமாரே. அந்தப் பழக்கத்தோடு நான் ஒரு பிள்ளையையும் அனுப்பிவிட்டு வந்திருந்தேன்.

அன்றே நடராசாவுக்கு எழுதினேன். எட்டு நாள் கழித்துக் கந்தோர் விலாசத்துக்குப் பதில் வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. உறையைப் பிரிக்காமலே கொண்டுபோய், அவர் முன்னால் பிரித்து வாசித்தேன்.

தான் சுகம் என்று எழுதியிருந்தார். ஒரு நாளில் எண்பது பேர்வரை மருந்துக்கு வருகிறார்கள், சைக்கிள் நன்றாக ஓடுகிறது. பிறகு அந்தப் பிள்ளை. ஆசுபத்திரியில் இரண்டு நாள் இருந்ததாம். இரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டதாம். "முதலே கொயினா மருந்து உள்ளே போயிருந்தால் சில வேளை தப்பியிருக்கும். உறுதியாகச் சொல்ல ஏலாது" என்று எழுதியிருந்தார். என்னைக் குற்றம் சொல்லி ஒரு எழுத்தும் இல்லை. கடைசியில், அம்மா கவலைப்படுவா என்பதால் தைப்பொங்கலுக்குப் பத்து நாள் லீவு கேட்டிருப்பதாகவும், வேறு ஊருக்கு மாற்றம் கேட்டு எழுதலாம் என்று யோசிப்பதாகவும் இருந்தது.

பிள்ளையைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு கடதாசியும் பென்சிலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எழுதும் தம்பி. பொங்கலுக்கு வரவேண்டாமெண்டு எழுதும். மாற்றமும் கேக்கவேண்டாம். அவன் இஞ்சை வந்து நிக்கிற பத்து நாளிலை அங்கை இன்னொரு பிள்ளைக்கு..." கடதாசியை என் பக்கம் தள்ளினார். "அம்மா சுகமாயிருக்கிறன், சாப்பிடுறன் எண்டு எழுதும். அங்கையே நிக்கட்டும்."

எழுதி, ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.

"ஓம்" என்றார்.